துப்பாக்கியைப் பூட்டுவது யார் வேலை?

அமெரிக்காவின் சிறு நகரங்களில் நகர மன்றக் கூட்டம் நடப்பதற்கு ஏறக்குறைய ஒரே ஒழுங்குதான் உண்டு. முதலில் வருகைப் பதிவு. பிறகு சென்ற கூட்டத்தின் குறிப்புக்கு ஒப்புதல், கொடுக்க வேண்டிய பில்களுக்கு ஒப்புதல். விவாதம் தேவைப்படாத பொருள்கள் எல்லாம் ஒரே கட்டாக ஒரே வாக்கில் நிறைவேறிவிடும். அடுத்துப் பொதுமக்கள் பேசலாம். பெரும்பாலும் ஆளுக்கு 3 நிமிடம். ஒருவர் நடைபாதையைப் பெயர்த்துவிட்ட மரவேரைப் பற்றிச் சொல்வார். இன்னொருவர் நூலகம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும் என்பார். அதன்பிறகு கழிவுநீர்க் குழாய் ஒப்பந்தம், பூங்கா வேலி, வாகனம் நிறுத்தும் கட்டணம். இந்த வரிசையில்தான் சில நகரங்களில் இன்னொரு பொருளும் வந்து உட்கார்கிறது: வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்னும் நகரச் சட்டம்.

வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகர மன்றம் 2018 ஜூலையில் இப்படியொரு சட்டத்தை நிறைவேற்றியது. அதே மாதம், சியாட்டிலுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் எட்மண்ட்ஸ் என்ற சிறு நகரமும் நிறைவேற்றியது. இரண்டும் சொன்னது எளிமையான விஷயம். துப்பாக்கி உங்கள் உடம்பில் இருக்கட்டும், அல்லது உங்கள் கட்டுப்பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் அது பூட்டியிருக்க வேண்டும். சியாட்டில் சட்டத்தில் பூட்டாததற்கு அபராதம் 500 டாலர் வரை. பூட்டாத துப்பாக்கி வேறொருவர் கையில் சிக்கி, யாரேனும் காயப்பட்டாலோ இறந்தாலோ அபராதம் 10,000 டாலர் வரை போகும்.

இதை வகுப்பில் பேச்சுவாக்கில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “உயிர் போற விஷயத்தைப் போய் சாக்கடைக் குழாயோட சேர்த்தா மேம் பேசுவாங்க?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. துப்பாக்கி என்றால் போர், புரட்சி, காவல்துறை, அரசியல் சாசனம் என்று பெரிய சொற்களோடுதான் நாம் நினைக்கிறோம். அதைக் குழாய்க்கும் வேலிக்கும் நடுவில் வைப்பது அதன் பாரத்தைக் குறைத்துவிடுகிறதா? அல்லது அதுதான் அதற்குச் சரியான இடமா?

சரியான இடம் என்றே எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்ல முயல்கிறேன்.

முதலில், அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மேசை இழுப்பறையில், தலையணைக்கு அடியில், அலமாரியின் மேல்தட்டில், காரின் முன்பெட்டியில். அதாவது வீட்டில், வீட்டைச் சுற்றி. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், பாதிக்கும் மேற்பட்டவர்கள், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். 2020 முதல், அந்த நாட்டில் 1 வயதிலிருந்து 19 வயது வரையிலானவர்கள் இறப்பதற்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆகியிருக்கிறது. அதற்குமுன் சாலை விபத்து அந்த இடத்தில் இருந்தது. கதவை உடைத்துக்கொண்டு நுழையும் அந்நியன் என்ற சித்திரத்தைக் காட்டித்தான் துப்பாக்கி விற்கப்படுகிறது. சாவு பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. மனமுடைந்து கிடக்கும் ஒரு பையனின் ஓர் இரவு, விளையாட்டுப் பொருள் என்று நினைத்த ஒரு குழந்தையின் ஒரு பகல், கோபத்தில் இருக்கும் ஒரு கணவனின் ஐந்து நிமிடம்.

கலிபோர்னியாவில் 2004 முதல் 2016 வரையிலான பதிவுகளை வைத்துச் செய்யப்பட்டு 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாம் துப்பாக்கி வைத்திராமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களை அது பின்தொடர்ந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். துப்பாக்கி இல்லாத வீட்டில் வாழ்பவர்களைவிட இவர்கள் கொலையுண்டு இறக்கும் விகிதம் இரண்டு மடங்கு. கணவனாலோ துணைவனாலோ வீட்டில் சுட்டுக் கொல்லப்படும் விகிதம் ஏழு மடங்கு. துப்பாக்கியின் உரிமையாளர் என்று ஒருவர் இருக்கிறார். அதனோடு குடியிருப்பவர் என்று வேறொருவர் இருக்கிறார். அரசியல் சாசன விவாதங்களில் முதலாமவரின் குரல் மட்டும்தான் கேட்கும். இரண்டாமவர் எந்த உரிமையின் பேரிலும் அங்கே பேச வருவதில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த நிலைமை முழுக்க அந்நியமானதல்ல. ‘அகம்’ என்ற சொல்லுக்கு உள்ளம் என்பதோடு வீடு என்ற பொருளும் உண்டு. அகப்பாடலில் வரும் தலைவனையும் தலைவியையும் பெயர் சொல்லிச் சுட்டக் கூடாது என்பது நம் இலக்கண மரபு. பெயர் வந்துவிட்டால் பாட்டு புறமாகிவிடும். காதலைப் பாடும்போது இந்த மரபு அழகானது. அந்தக் காதலை யாருடையதாகவும் வாசிக்க முடிகிறது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கும் இதே பெயரின்மை பொருந்தும்போது அதில் அழகு ஏதுமில்லை. அடித்தவன் பெயரும் வெளியே வராது, அடிபட்டவள் பெயரும் வராது. ‘குடும்ப விஷயம்’ என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும்.

அமெரிக்க நீதிமன்றங்களும் இதே திரையைத்தான் தொங்கவிட்டிருந்தன. மனைவியை அடிக்கும் உரிமை கணவனுக்கு இல்லை என்று 1874-இல் சொன்ன வட கரோலினா உச்ச நீதிமன்றம், நிலையான காயமோ மிதமிஞ்சிய கொடுமையோ இல்லாத இடத்தில் திரையை இழுத்து மூடிவிட்டு அவர்களாகவே மறந்து மன்னித்துக்கொள்ள விடுவதுதான் நல்லது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. நூறு ஆண்டுகள் கழித்துப் பெண்ணியவாதிகள் ‘தனிப்பட்டதும் அரசியலே’ என்று சொன்னபோது, இந்தத் திரையைத்தான் பிடித்து இழுத்தார்கள். அந்தரங்கம் என்ற பெயரில் சட்டம் பாதுகாத்தது பெரும்பாலும் ஆணின் அதிகாரத்தைத்தான் என்று காத்தரின் மெக்கினன் போன்றவர்கள் எழுதினார்கள்.

அந்தரங்கம் பெண்ணுக்கும் காவலாக இருந்திருக்கிறது என்பதையும் நாம் மறந்துவிட முடியாது. 1965-இல் கருத்தடைச் சாதனங்களுக்கும் 1973-இல் கருக்கலைப்புக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமையின் பேரில்தான் இடம் கொடுத்தது. 2022-இல் கருக்கலைப்பு உரிமையை எடுத்துவிட்டபோது, அரசு தன் உடலுக்குள் வந்து உட்கார்வது எப்படி இருக்கும் என்பதைப் பல மாநிலங்களின் பெண்கள் அறிந்தார்கள். ஆகவே, வீட்டுக்குள் அரசு நுழையலாம் என்று ஒரு பெண்ணியவாதி சொல்லும்போது அதை லேசாகச் சொல்லிவிட முடியாது. எங்கே நுழையலாம், எதற்காக, எவ்வளவு தூரம் என்று கேட்டாக வேண்டும்.

பூட்டுச் சட்டத்தை அந்தக் கேள்விகளோடு படித்துப் பார்த்தேன். அது துப்பாக்கியைப் பிடுங்கவில்லை. ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. வீடு வீடாகச் சோதனை போடும் ஏற்பாடும் அதில் இல்லை. அது சொல்வதெல்லாம் இதுதான்: துப்பாக்கிக்கு இரண்டே இடங்கள் உண்டு. ஒன்று உன் பொறுப்பில் இருக்கும் உன் கை; மற்றொன்று பூட்டு. ‘சும்மா அங்கே கிடக்கிறது’ என்ற மூன்றாவது இடம் கிடையாது.

இந்த மூன்றாவது இடத்தை ஒழிப்பதில்தான் இந்தச் சட்டத்தின் அறம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏனென்றால் வீட்டில் எதுவுமே ‘சும்மா’ கிடப்பதில்லை. கத்தி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்றால் யாரோ வைத்திருக்கிறார்கள். பூச்சிமருந்து பாட்டில் மேல்தட்டில் இருக்கிறது என்றால் யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். அடுப்பை அணைத்தோமா என்று யாரோ பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த ‘யாரோ’ யார் என்று இதை வாசிக்கும் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் ஒரு பொருளைச் சும்மா போட்டுவிட்டுப் போக முடிகிறது என்றால், இன்னொருவர் அதைப் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் அர்த்தம். அக்கறை அறவியலைப் பற்றி எழுதிய ஜோன் ட்ரோன்டோ இதற்கு ஒரு கருத்தாக்கம் தந்திருக்கிறார்: சலுகை பெற்ற பொறுப்பின்மை. அக்கறை செலுத்தும் வேலையைப் பிறர் செய்வதால் தனக்கு அப்படியொரு வேலை இருப்பதே தெரியாமல் வாழக் கிடைக்கும் வசதி அது.

துப்பாக்கியைப் பூட்டி வைப்பது ஒரு வீட்டு வேலை. பாத்திரம் கழுவுவதைப் போல, கொல்லைக் கதவைத் தாழிடுவதைப் போல, அன்றாடம் செய்ய வேண்டிய, செய்தால் யார் கண்ணிலும் படாத வேலை. பூட்டுச் சட்டம் செய்யும் மிகப் பெரிய காரியம், இந்த ஒரு வீட்டு வேலை யாருடையது என்று எழுதிவைப்பதுதான். துப்பாக்கி யாருடையதோ அவருடைய வேலை. மனைவியுடையது அல்ல, அம்மாவுடையது அல்ல, விளையாட வந்த பிள்ளையின் அம்மாவுடையதும் அல்ல.

இப்போது அந்த வேலையைச் செய்பவர்கள் யார்? தங்கள் பிள்ளை இன்னொரு வீட்டுக்கு விளையாடப் போகுமுன், “உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?” என்று கேட்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பெற்றோருக்கு அறிவுரை சொல்கிறார்கள். நல்ல அறிவுரை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரியின் முகம் சுளிப்பதைத் தாங்கிக்கொண்டு இதைக் கேட்கும் வேலை பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது. புளோரிடா மாநிலத்தில் 2011-இல், மருத்துவர்கள் தம்மிடம் வருபவர்களின் வீட்டுத் துப்பாக்கியைப் பற்றி விசாரிக்கக் கட்டுப்பாடு விதித்து ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று செல்லாததாக்கியது. கேட்பதே குற்றமாகப் பார்க்கப்பட்ட இடத்தில், பூட்டுவது கடமை என்று ஒரு நகரம் எழுதுவது சின்ன விஷயமல்ல.

இந்த வேலை யாருடையது என்று முன்கூட்டி எழுதாவிட்டால், கேடு நடந்த பிறகு அது எழுதப்படும். மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயதுப் பையன் ஒருவன் தன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியை அப்பா வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அப்போது அந்த மாநிலத்தில் பூட்டுச் சட்டம் இல்லை. பெற்றோர் இருவர் மீதும் உயிரிழப்புக்குக் காரணமானதாக வழக்கு நடந்தது. முதலில் விசாரிக்கப்பட்டவர் தாய். துப்பாக்கியைப் பத்திரப்படுத்துவது கணவரின் பொறுப்பு என்றும், அதைக் கையாள்வது தனக்கு இயல்பாக வராது என்றும் அவர் சாட்சியம் சொன்னார். அவருடைய திருமணத்துக்கு வெளியே இருந்த உறவும், அவர் வளர்த்த குதிரைகளும்கூட அந்த வழக்கில் பேசப்பட்டன. 2024 பிப்ரவரியில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அடுத்த மாதம் கணவரும் குற்றவாளி என்று தீர்ப்பானது. இருவருக்கும் ஒரே தண்டனை: 10 முதல் 15 ஆண்டு.

அந்தத் தாய் குற்றமற்றவர் என்று சொல்ல நான் வரவில்லை. துப்பாக்கி வாங்கிய மறுநாள் மகனைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போனவர் அவர். மகனின் மனநிலையைக் காட்டும் அறிகுறிகள் இருந்தன. நான்கு பிள்ளைகள் திரும்பி வரவில்லை. ஆனால் ஒரு தாய் கூண்டில் நிற்கும்போது, துப்பாக்கி பூட்டியிருந்ததா என்ற கேள்வி எவ்வளவு சீக்கிரம் ‘இவள் எப்படிப்பட்ட தாய்’ என்ற கேள்வியாக மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் விடை இருந்தால் இரண்டாவது கேள்விக்கு அங்கே அவ்வளவு இடம் இருக்காது. உரிமையாளர் பூட்டினாரா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போகலாம். மிச்சிகனின் பூட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, அந்தத் தாய்க்குத் தீர்ப்பான அதே 2024 பிப்ரவரியில்.

இவ்வளவு தூரம் பூட்டுக்காக வாதாடிவிட்டேன். இனி அதன் குறையைப் பேச வேண்டும். பூட்டு என்று சொன்னதும் சாவி என்ற ஒன்று வந்துவிடுகிறது.

பூட்டு பிள்ளைகளைத் தடுக்கும். பிள்ளைகள் கைக்குத் துப்பாக்கி எட்டாமல் தடுக்கும் சட்டங்கள் இளையோரின் தற்கொலைகளையும் தற்செயல் காயங்களையும் குறைக்கின்றன என்பதற்கு வலுவான சான்று இருப்பதாக ராண்ட் நிறுவனம் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறது. திருடனைப் பூட்டு தடுக்கும். ஆனால் சாவி வைத்திருப்பவனை அது தடுக்காது. மனைவியைச் சுடுபவன் பெரும்பாலும் இழுப்பறையில் எதேச்சையாகத் துப்பாக்கியைக் கண்டெடுத்தவன் அல்ல. அது அவனுடைய துப்பாக்கி, அவனுடைய பெட்டகம், அவனுடைய சாவி. மாலையில் ஒழுங்காகப் பூட்டிச் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்த ஒருவன், இரவில் அதே ஒழுங்கோடு திறக்க முடியும். கொடுமைக்காரன் கைக்குத் துப்பாக்கி எட்டும் என்றால் அவனோடு வாழ்பவள் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்கு கூடுகிறது என்று ஜாக்குலின் கேம்ப்பெல் தலைமையில் நடந்து 2003-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவளுக்குத் தேவை பூட்டல்ல. துப்பாக்கியே அவன் கையைவிட்டுப் போவது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உறுதி செய்திருக்கிறது. பூட்டுச் சட்டத்தால் முடியாததை அந்தச் சட்டத்தால் செய்ய முடியும், யாராவது அதை அமல்படுத்தினால்.

அந்த ‘யாராவது’ என்ற சொல்லில்தான் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கிறது. “நானே துப்பாக்கி வைத்திருக்கிறேன், அதைப் பூட்டச் சொல்லாதே” என்கிறாள் அவள். அவளைத் துப்பாக்கி வியாபாரிகளின் கைப்பாவை என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிப் போக விரும்பவில்லை.

வாஷிங்டன் தலைநகரின் மன்றம் 1976-இல் மிகக் கடுமையான சட்டம் ஒன்றை இயற்றியது. கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுதாகத் தடுத்தது. வீட்டில் இருக்கும் மற்றத் துப்பாக்கிகளையும் தோட்டா எடுத்து, பிரித்தோ விசையைப் பூட்டியோ வைக்கச் சொன்னது. அந்தச் சட்டத்தை 2008-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முறியடித்த வழக்கு ஹெல்லர் என்ற ஆணின் பெயரால் அறியப்படுகிறது. ஆனால் வழக்கு தொடங்கியபோது அதன் முதல் பெயர் ஷெல்லி பார்க்கர் என்ற பெண்ணுடையது. தன் தெருவிலிருந்து போதைப்பொருள் விற்பவர்களை விரட்ட முயன்று, அதனால் மிரட்டப்பட்டவர் அவர். சான்பிரான்சிஸ்கோ 2007-இல் கொண்டுவந்த பூட்டுச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் முதல் பெயர் எஸ்பனோலா ஜாக்சன். அந்நகரத்தின் ஏழைக் கறுப்பின மக்களுக்காக நெடுங்காலம் போராடிய மூதாட்டி. அவர் தோற்றார். துப்பாக்கியை உடம்பில் வைத்திருக்க அந்நகரச் சட்டம் இடம் விட்டிருந்ததைச் சொல்லி 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. 2015-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

இந்த இரு பெண்களும் கேட்ட கேள்வி நியாயமானது: என்னைப் பூட்டச் சொல்லும் நகரம், நான் கூப்பிட்டால் வருமா?

சட்டம் தரும் விடை கசப்பானது. அதே தலைநகரில் 1975-இல் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் ஆட்கள் புகுந்து ஒரு பெண்ணைத் தாக்க, மேல்தளத்தில் இருந்த இரு பெண்கள் காவல்துறைக்குத் தொலைபேசினார்கள். வந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாவது அழைப்புக்கு யாரும் வரவேயில்லை. மூன்று பெண்களும் மணிக்கணக்கில் கொடுமைக்கு ஆளானார்கள். பொதுமக்களைக் காப்பதுதான் நகரத்தின் கடமை, தனியொருவரைக் காக்கும் கடமை அதற்கு இல்லை என்று 1981-இல் நீதிமன்றம் சொன்னது. கொலராடோவின் காசில் ராக் என்ற ஊரில் 1999-இல், தடையாணை இருந்தும் கணவன் மூன்று மகள்களைத் தூக்கிச் சென்றபோது, ஜெசிகா கொன்சாலஸ் அன்று மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் காவல்துறையை அழைத்துக்கொண்டே இருந்தார். விடியுமுன் மூன்று பெண்குழந்தைகளும் பிணமானார்கள். தடையாணையை அமல்படுத்தும்படி கேட்கும் சாசன உரிமை அவருக்கு இல்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் விடவில்லை. அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். அவருடைய மனித உரிமைகள் மீறப்பட்டன என்று அது 2011-இல் சொன்னது. கணவன் அந்தத் துப்பாக்கியை வாங்கியதே அன்று மாலைதான்; எந்தப் பூட்டுச் சட்டமும் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்காது. அழைப்புக்கு வரும் ஒரு நகரம் காப்பாற்றியிருக்கலாம்.

இங்கே நான் மறுபடி அந்த நிகழ்ச்சி நிரலுக்கு வருகிறேன். பூட்டுச் சட்டத்துக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் அந்தச் சலிப்பூட்டும் பொருள்களை இப்போது படித்துப் பாருங்கள். தெருவிளக்கு பழுதுபார்ப்பு. இரவுப் பேருந்து நிறுத்தம். அவசர அழைப்பு மையத்துக்கு ஆள் நியமனம். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான தங்குமிடத்துக்கு நிதி. பள்ளிக்கு மனநல ஆலோசகர். ஷெல்லி பார்க்கருக்கும் எஸ்பனோலா ஜாக்சனுக்கும் நகரம் சொல்ல வேண்டிய விடை பூட்டுச் சட்டத்தில் இல்லை. இந்தப் பொருள்களில்தான் இருக்கிறது. துப்பாக்கியைப் பூட்டு என்று சொல்லும் உரிமையை, அந்தத் துப்பாக்கி இல்லாமலும் ஒருத்தி தூங்க முடிகிற தெருவை உண்டாக்கித்தான் ஒரு நகரம் சம்பாதிக்க முடியும். தெருவிளக்கை எரியவிடாத மன்றம் பூட்டச் சொன்னால் அது அறிவுரையாக இருக்கலாம், அறமாக இருக்காது.

அதே நியாயம் மறுபக்கமும் பொருந்தும். நகரம் நூறு சதம் ஒழுங்காகும் வரை துப்பாக்கி தலையணைக்கு அடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தால், அதுவரைக்கும் இறக்கப் போவது அந்தத் தலையணையைப் பகிர்ந்துகொள்பவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். பயம் உண்மையானது; பயத்துக்குச் சொல்லப்படும் மருந்து யாரைக் கொல்கிறது என்ற கணக்கும் உண்மையானது. எஸ்பனோலா ஜாக்சனின் உரிமையை மதிக்கவும், அவர் வீட்டுக்கு வரும் ஒரு பேரக்குழந்தையின் உயிரை மதிக்கவும் ஒரே சட்டத்தால் முடியுமா? கையில் இல்லையென்றால் பூட்டு என்று மட்டும் சொல்லும் சட்டம் அதற்கு நெருங்கி வருகிறது. அவர் விழித்திருந்து பயப்படும்போது துப்பாக்கி அவரிடம் இருக்கிறது. அவர் கடைக்குப் போனபோது அது யாரிடமும் இல்லை.

எட்மண்ட்ஸ் சட்டத்தின் முடிவையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகச் செல்லாததாக்கியது. பூட்டுவது தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. துப்பாக்கிகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் முழுவதும் மாநிலத்துக்கே உரியது, நகரத்துக்கு இல்லை என்று ஒரு மாநிலச் சட்டம் இருக்கிறது என்றது. அமெரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டங்கள் உண்டு. அந்த மாநில மக்கள் 2018 நவம்பரில் நேரடி வாக்கெடுப்பில் ஏற்ற வேறொரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது பூட்டாத துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவரிடம் சிக்கி, அதனால் ஏதேனும் நடந்த பிறகுதான் உரிமையாளரைத் தண்டிக்கும். நகரச் சட்டம் நடப்பதற்கு முன்னாலேயே பேசியது. முன்னாலேயே பேசுவதுதான் வீட்டு வேலையின் இயல்பு. விழுந்த பிறகு தூக்குவதை எல்லோரும் பார்ப்பார்கள். விழாமல் இருக்கத் தரையைத் துடைத்து வைத்தது யார் கண்ணிலும் படாது.

கழிவுநீரும் ஒரு காலத்தில் வீட்டுக்காரரின் சொந்த விஷயமாகத்தான் இருந்தது. என் வீடு, என் கழிவு, என் கிணறு. காலரா வந்து, ஒருவர் வீட்டுக் கழிவு இன்னொருவர் குழந்தையைக் கொல்லும் என்று தெரிந்த பிறகுதான் அது நகர மன்றத்தின் பொருளானது. அதனால் வீடு வீடாக இல்லாமல் போய்விடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நகரம் ஒரு குழாய் அளவுக்கு நுழைந்தது, அவ்வளவுதான். துப்பாக்கிக்கும் ஒரு பூட்டு அளவுக்கு நுழைந்தால் போதும் என்கிறது இந்தச் சட்டம்.

ஆகவே, அந்த மாணவிக்கு என் பதில் இது. ஆமாம் கண்ணு, சாக்கடைக் குழாயோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். பேச வேண்டும். துப்பாக்கியை வீரத்தோடும் சுதந்திரத்தோடும் சேர்த்துப் பேசிய இடங்களில் அதைத் துடைத்து, எண்ணி, எடுத்துவைத்து, பூட்டும் வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வேலையைப் பற்றிப் பேச, வேலைகளைப் பற்றி மட்டுமே பேசும் ஓர் அறைதான் வேண்டும். அங்கே 3 நிமிடம் கிடைத்தால், துப்பாக்கி வாங்கியவரை எழுப்பி, சாவி எங்கே என்று கேட்கலாம். கூடவே, தெருமுனை விளக்கு ஏன் இன்னும் எரியவில்லை என்று மன்றத்தையும் கேட்கலாம்.